பிப்பனின் 1991 கையெழுத்து: ஏமாந்தாரா, தெரிந்தே போட்டாரா?

முப்பத்துமூன்று:

1997-98 சீசனில் சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் சம்பளப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதலில் மைக்கேல் ஜோர்டன், 3.3 கோடி டாலர். அதில் யாருக்கும் மனக்குறை இருக்க முடியாது. அடுத்து ரான் ஹார்ப்பர், டோனி குகோச், டென்னிஸ் ராட்மன் மூவரும் ஏறக்குறைய 45 லட்சம். ஐந்தாவதாக லூக் லாங்லி, 30 லட்சத்துக்கு மேல். ஆறாவது இடத்தில்தான் ஸ்காட்டி பிப்பன் வருகிறார். 27.75 லட்சம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ முழுவதையும் எடுத்துக்கொண்டால் அவர் 122ஆவது இடம்.

ஆறு கோப்பைகளிலும் ஜோர்டனுக்குப் பக்கத்தில் நின்றவர் இவர். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுப்பதும் இவர் வேலை, பந்தை முன்னால் கொண்டுபோய் ஆட்டத்தைத் தொடங்குவதும் இவர் வேலை. 1996இல் என்பிஏ தன் 50ஆம் ஆண்டுக்காகத் தேர்ந்தெடுத்த 50 சிறந்த வீரர்களில் ஒருவர். அவருக்கு மேலே 121 பேர்.

காரணம் 1991இல் போட்ட ஒரே ஒரு கையெழுத்து. 1998 வரை கட்டிப்போட்ட நீண்ட ஒப்பந்தம், மொத்தம் சுமார் 1.8 கோடி டாலர். 'கையெழுத்துப் போட்டது அவர்தானே' என்று கடந்து போகிறவர்களோடு பேசத்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன். அந்த அணி அவருக்கு அநியாயம் செய்தது என்பது என் கருத்து.

கணக்குப்புத்தகம்:

அப்படிக் கடந்து போகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் காரணத்தோடுதான்.

அணியின் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், 'இது ரொம்ப நீளமான ஒப்பந்தம், உன்னை நீயே குறைந்த விலைக்கு விற்கிறாய்' என்று பிப்பனிடம் முன்கூட்டியே சொன்னதாகப் பலமுறை பதிவு செய்திருக்கிறார். கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பாதியில் திறந்து பேச மாட்டேன் என்பது அவருடைய வெளிப்படையான கொள்கை. ஜோர்டனிடமும் அதே பேச்சுதான். பணம் ஒரு டாலர் குறையாமல் வந்துகொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். 1992இல் பிப்பனின் முதுகு உடைந்து அவர் ஆடவே முடியாமல் போயிருந்தால்? 1998 வரை சம்பளம் கொடுக்க வேண்டியது அணிதான். அப்போது 'ஐயோ, உழைக்காதவருக்கு இவ்வளவு பணமா, திருப்பிக் கொடுங்கள்' என்று நீங்கள் திரி தொடங்கியிருப்பீர்களா? அபாயத்தை அணி வாங்கிக்கொண்டது. அதற்கு விலையாக ஏறுமுக லாபமும் அணிக்குப் போனது. நீண்ட ஒப்பந்தம் என்றாலே அதுதான்.

முப்பத்துமூன்று:

நல்ல கேள்வி சார். ஆனால் அந்த அபாயத்தை விற்க வேண்டிய நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆர்கன்சா மாநிலத்தில் ஹாம்பர்க் என்ற சின்ன ஊர். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா காகித ஆலைத் தொழிலாளி. பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் அடங்கிவிட்டார். அண்ணன் ஒருவருக்குப் பள்ளியில் விளையாடும்போது அடிபட்டு உடல் செயலிழந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு சக்கர நாற்காலிகள். பள்ளி முடிக்கும்போது பிப்பனின் உயரம் ஆறடி ஒரு அங்குலம். எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. சென்ட்ரல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் அணியின் உதவியாளாகச் சேர்ந்தார். ஆட்டக்காரர்களுக்குத் துண்டும் உடையும் எடுத்து வைக்கும் வேலை. அங்கேயே உயர்ந்து ஆறடி எட்டு அங்குலம் ஆனார். புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1987இல் ஐந்தாவது பெயராகச் சியாட்டில் எடுக்க, அன்றைக்கே சிகாகோ அவரைப் பண்டமாற்றில் வாங்கிக்கொண்டது.

அடுத்த வருடம், 1988 கோடையில், முதுகில் வட்டு விலகி அறுவை சிகிச்சை. அப்போது அவருக்கு இன்னும் 23 வயது நிறையவில்லை.

இப்போது சொல்லுங்கள். இரண்டு உடல்கள் ஒரு நொடியில் நின்றுபோனதை வீட்டுக்குள்ளேயே பார்த்தவன், தன் முதுகில் கத்தி பட்டவன், முன்னால் ஒரு காகிதம். அதில் போட்டால் அம்மா, அண்ணன், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஆயுசுக்கும் கவலையில்லை. இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் ஒருவேளை இரட்டிப்பாகும். அவர் இடத்தில் நான் இருந்தால் பேனாவைத் தேடக்கூட நேரம் எடுத்திருக்க மாட்டேன்.

கணக்குப்புத்தகம்:

நண்பரே, நீங்கள் என் பக்கம்தான் பேசுகிறீர்கள். அந்தக் கையெழுத்து அவருக்குச் சரியான முடிவு என்றால், அதில் அநியாயம் எங்கே வந்தது? காப்பீடு வாங்கினார். விபத்து நடக்கவில்லை. பிரீமியம் வீண் என்று பிறகு தோன்றுவது இயற்கை. அதற்காகக் காப்பீட்டு நிறுவனம் ஏமாற்றியது என்று ஆகாது.

ரீபவுண்ட்:

காப்பீட்டு நிறுவனம் நம்மை வேறு ஊருக்கு விற்க முடியாதே சார்.

கணக்குப்புத்தகம்:

புரியவில்லை.

ரீபவுண்ட்:

1994 கோடையில் சிகாகோ அவரைச் சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டு ஷான் கெம்ப்பை வாங்கப் பேசி முடிக்கும் நிலை வரைக்கும் போனது. கடைசி நேரத்தில் பின்வாங்கியது சியாட்டில்தான், சிகாகோ அல்ல. அந்த சீசனில் பிப்பன் என்ன செய்திருந்தார் தெரியுமா? ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போய்விட்டார். அணி சரிந்துவிடும் என்று எல்லோரும் எழுதினார்கள். பிப்பன் ஆட்டத்துக்குச் சராசரி 22 புள்ளி எடுத்து அணியை 55 வெற்றிக்குக் கொண்டுபோனார். ஆல்ஸ்டார் ஆட்டத்தின் சிறந்த வீரர் விருது, சீசனின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கும் எம்விபி வாக்கெடுப்பில் மூன்றாவது இடம். அதே கோடையில்தான் இந்த வியாபாரப் பேச்சு.

ஆட்டக்காரன் 1998 வரை நகரக்கூடாது. அணி நினைத்தால் நாளைக்கே அவனை நகர்த்தலாம். 'ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்' என்ற வாதம் ஒரு பக்கத்துக்கு மட்டும் இறுக்கமாக இருக்கிறது.

அரைக்கோடு:

சம்பள விதிகளைக் கொஞ்சம் கூர்ந்து படித்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டும் இரண்டு பக்கத்துக்கும் உதவும்.

முதலாவது, அன்றைய சந்தை விலை. 1990இல் ஹாட் ராட் வில்லியம்ஸ் என்ற வீரருக்கு மயாமி ஏழு வருடத்துக்கு 2.65 கோடி டாலர் என்று விலை சொன்னது. கிளீவ்லாந்து அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்க வைத்துக்கொண்டது. நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் பிப்பன் அளவுக்கு அல்ல. பிப்பன் கையெழுத்திட்டது அதற்கு அடுத்த வருடம். ஆக 'எதிர்காலத்தில் விலை ஏறியது, யாருக்குத் தெரியும்' என்று மட்டும் சொல்ல முடியாது. போட்ட அன்றைக்கே அது குறைந்த விலை.

இரண்டாவது, குகோச். அவரை 1990இலேயே டிராஃப்ட் செய்திருந்தார் சிகாகோவின் மேலாளர் ஜெர்ரி க்ராவ்ஸ். ஐரோப்பாவிலிருந்து அவரை வரவழைக்கச் சம்பள வரம்பில் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிப்பனின் பேச்சை இழுத்தடித்தார்கள். தன் அணி இன்னும் சட்டைகூடப் போடாத ஒருவருக்காகத் தன்னைக் காக்க வைக்கிறது என்ற கோபம் பிப்பனுக்கு வருடக்கணக்கில் இருந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குரோஷியாவுக்கு எதிராக அவரும் ஜோர்டனும் குகோச்சை மாறிமாறி நெருக்கி மூச்சுவிடாமல் அடித்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாவம் குகோச், அவருக்கு இந்தக் கதையில் எந்தப் பாத்திரமும் இல்லை.

சம்பள வரம்பு என்பதைத் தெரியாதவர்களுக்கு: ஓர் அணி மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் வைக்கும் எல்லை. 1991-92இல் அது 1.25 கோடி. 1997-98இல் 2.69 கோடி. இரண்டு மடங்குக்கு மேல். பிப்பனின் சம்பளம் மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில். தன் அணியிலேயே இருக்கும் வீரருக்கு எல்லையைத் தாண்டியும் கொடுக்கலாம் என்ற விலக்கு இருந்ததால் ஜோர்டன் ஒருவரின் சம்பளமே அணியின் எல்லையைத் தாண்டி நின்றது.

கணக்குப்புத்தகம்:

வில்லியம்ஸ் உதாரணம் வலுவானது. ஏற்கிறேன். ஆனால் அந்த விலையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது யார்? ஏஜென்ட். ஒப்பந்தத் தொகையில் 4 சதவீதம் வரை கட்டணம் வாங்குவதே அதற்குத்தான். என்பிசி தொலைக்காட்சி நான்கு வருடத்துக்கு 60 கோடி டாலர் கொடுத்து ஒளிபரப்பு உரிமை வாங்கியது ரகசியம் அல்ல, 1990-91 சீசனிலிருந்தே நடைமுறை. பணம் பெருகப் போகிறது என்று செய்தித்தாள் படித்த எவருக்கும் தெரியும்.

இன்னொன்று. ஜோர்டன் 1988இல் போட்ட ஒப்பந்தமும் எட்டு வருடம், சுமார் 2.5 கோடி டாலர். 1990களின் நடுவில் அதுவும் கேலிக்குரிய தொகையாக ஆகிவிட்டது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், வருடத்துக்கு 40 லட்சம் டாலர் அளவில். அவர் ஒருநாளும் திறந்து பேசச் சொல்லவில்லை. 1996இல் காலம் முடிந்தது, அடுத்த இரண்டு வருடத்தில் 6 கோடிக்கு மேல் வாங்கினார்.

முப்பத்துமூன்று:

ஜோர்டனுக்கு நைக்கி இருந்தது. அந்தக் காலணிப் பணத்துக்கு முன்னால் புல்ஸ் சம்பளம் கைச்செலவு மாதிரி. பொறுத்திருக்க அவரால் முடியும். அப்புறம், 1993-94இல் ஜோர்டன் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தபோதும் ரைன்ஸ்டார்ஃப் அவருக்கு அந்த 40 லட்சத்தைக் கொடுத்தார். களத்தில் இல்லாதவருக்கு. அதே வருடம் களத்தில் நின்று 55 வெற்றி வாங்கித் தந்தவருக்கு 'கொள்கை' என்ற ஒரு சொல். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பழைய ஆட்டக்காரன்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. பிப்பன் பக்கம் பேசும் யாரும் அதைத் தொடவில்லை.

1997 கோடையில் அவருக்குப் பாதத்தில் அடி. ஓய்வுக் காலத்தில் அறுவை செய்திருந்தால் சீசன் தொடங்கும்போது ஏறக்குறைய தயாராக இருந்திருப்பார். செய்யவில்லை. அக்டோபர் வரை தள்ளிப்போட்டு, சீசன் தொடங்கும் நேரத்தில் போய்ப் படுத்தார். கோடை விடுமுறையை இதற்காக வீணாக்க மாட்டேன் என்பதுதான் காரணம். 35 ஆட்டங்கள் போயின. நடுவில் என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கை வேறு. ஜோர்டனே பின்னாளில் அதைச் சுயநலம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

நான் இருபது வருடம் துறை அணிக்காக ஆடியவன். அணி எதுவென்று சொல்ல வேண்டாம். வேலை விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தது. முழங்காலில் தசைநார் அறுந்தபோது சிகிச்சைக்கு அலுவலகம் கொடுத்தது ஒரு கடிதம் மட்டும். கடன் வாங்கித்தான் அறுவை செய்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை நான் என் கூட ஆடிய பையன்கள் மேல் காட்டவில்லை. மண்டல இறுதிக்கு முன்னால் 'எனக்கு வலிக்கிறது, நான் வரவில்லை' என்று மேலதிகாரிக்குப் பாடம் கற்பிக்க நினைத்திருந்தால், தோற்றுப்போய் பஸ்ஸில் திரும்பியிருப்பது அந்தப் பையன்கள்தான், மேலதிகாரி அல்ல.

1994 மே மாதம் நியூயார்க் அணிக்கு எதிரான மூன்றாவது ஆட்டமும் அப்படித்தான். ஆட்டம் சமநிலை, கடைசி 1.8 விநாடி. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் கடைசி வீச்சைக் குகோச்சுக்குக் கொடுத்தார். பிப்பன் பெஞ்சிலிருந்து எழவே இல்லை. குகோச் போட்டார், அணி வென்றது. வெற்றி பெற்ற உடைமாற்றும் அறையில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சம்பளத்தில் உனக்கு நடந்தது அநியாயமாகவே இருக்கட்டும். அதை யாரிடம் வசூலிக்கிறாய் என்பது முக்கியம்.

முப்பத்துமூன்று:

அண்ணா, 1.8 விநாடிக்கு என்னிடம் பதில் இல்லை. அது தவறு. மறுக்க மாட்டேன்.

அறுவை சிகிச்சை வேறு. ஒப்பந்தத்தின் கடைசி வருடம். அடுத்த கோடையில்தான் வாழ்க்கையின் ஒரே பெரிய பேரம். வயது 32. முதுகில் ஏற்கெனவே கத்தி பட்ட உடம்பு. அவசரப்பட்டு ஆடி மறுபடி உடைந்தால் சிகாகோ அவருக்கு ஒன்றும் தரப்போவதில்லை என்பதை ஏழு வருடமாகக் காட்டிக்கொண்டே இருந்தது. உங்கள் அலுவலகம் உங்களுக்குக் கடிதம் மட்டும் கொடுத்தது போல. உங்களுக்கு அன்று ஒரு பேரம் பேசும் வாய்ப்பு இருந்திருந்தால் பயன்படுத்தியிருக்க மாட்டீர்களா? அவர் திரும்பி வந்தபோது அணி 24 வெற்றி, 11 தோல்வி. சீசன் முடிவில் 62 வெற்றி, 20 தோல்வி. கடைசியில் கோப்பையையும் சேர்த்துத்தான் கொடுத்தார்.

பழைய ஆட்டக்காரன்:

பயன்படுத்தியிருப்பேனா என்று கேட்டால், தம்பி, அந்த வயதில் ஒருவேளை பயன்படுத்தியிருப்பேன். சரி என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

மதிய வாசகி:

நான் கூடைப்பந்து அவ்வளவாகப் பார்க்கிறவள் இல்லை. என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறான், அவன் அறையில் பிப்பனின் 33 எண் சட்டை மாட்டியிருக்கிறது, அதனால் படித்தேன். இரண்டு கேள்வி. மொத்த வாழ்க்கையிலும் இவர் ஜோர்டனைவிட அதிகச் சம்பளம் வாங்கினார் என்று எங்கோ படித்தேன். அது உண்மையா? திவாலாகிவிட்டார் என்றும் படித்தேன். இரண்டும் ஒன்றாக எப்படி?

அரைக்கோடு:

முதலாவது உண்மை, சகோதரி. இரண்டாவது பொய்.

1998 கோடையில் ஒப்பந்தம் முடிந்தது. அந்த நேரத்தில் உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் தகராறு முற்றி லீக் பூட்டப்பட்டு, 1999 தொடக்கத்தில்தான் திறந்தது. அணிக்கு 50 ஆட்டங்களே நடந்த சீசன். திறந்த கையோடு பிப்பன் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்குப் போனார். ஐந்து வருடம், 6.72 கோடி டாலர். ஒரே வருடம் அங்கே. சரிப்பட்டு வராமல் 1999 அக்டோபரில் போர்ட்லாண்டுக்கு மாறினார், அதே ஒப்பந்தத்தோடு. அங்கே நான்கு சீசன். 2000ஆம் ஆண்டு மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் லேக்கர்ஸுக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி முன்னிலையை அந்த அணி விட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். 2003இல் மறுபடி சிகாகோ. உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2004இல் ஓய்வு.

எல்லாவற்றையும் கூட்டினால் சம்பளம் மட்டும் சுமார் 10.9 கோடி டாலர். ஜோர்டனுக்கு சுமார் 9.4 கோடி. ஆனால் ஜோர்டனின் உண்மையான செல்வம் காலணியிலும், பிறகு ஷார்லட் அணியை வாங்கி விற்றதிலும் வந்தது. சம்பளத்தை வைத்து இருவரையும் ஒப்பிடுவது பாதிப் படம்தான்.

திவால் செய்தி: சில ஊடகங்கள் அப்படி எழுதின. பிப்பன் வழக்குப் போட்டார். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காரணம், பொது வாழ்க்கையில் இருப்பவர் அவதூறு என்று நிரூபிக்க, எழுதியவர்கள் பொய் என்று தெரிந்தே எழுதினார்கள் என்றோ, பொய்யாக இருக்கலாம் என்ற பலத்த சந்தேகத்தோடு எழுதினார்கள் என்றோ காட்ட வேண்டும். அதை அவரால் காட்ட முடியவில்லை. ஆனால் அவர் திவால் மனு போடவே இல்லை என்பது அந்த வழக்கிலேயே தெளிவு. அதே பெயருள்ள வேறு ஆட்கள் போட்ட மனுக்கள்தான் குழப்பத்துக்கு வழி.

இழந்தது மட்டும் உண்மை. பெரிய தொகை. நம்பிப் பணத்தை ஒப்படைத்த நிதி ஆலோசகர், பின்னாளில் வங்கி மோசடி வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்.

மதிய வாசகி:

நன்றி. அப்படியானால் இங்கே எல்லோரும் சிகாகோவைப் பற்றிப் பேசுவது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. குறைத்துக் கொடுத்தாலும் சொன்னதைக் கொடுத்த உரிமையாளரைத் திட்டுகிறோம். கொடுத்ததை வாரிக்கொண்டு போனவரைப் பற்றி ஒரு பத்தி. என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்றபோது வந்த தொகையை வட்டி அதிகம் என்று ஒரு தெரிந்தவர் பேச்சை நம்பிப் போட்டு, பாதிதான் திரும்பி வந்தது. சம்பளம் குறைந்த வருடங்களை நாங்கள் மறந்துவிட்டோம். அந்த ஒரு கையெழுத்தை மறக்கவில்லை.

கணக்குப்புத்தகம்:

அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். என் தொழிலே தணிக்கை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தோன்றுகிறது.

10.9 கோடி என்று நாம் எழுதுகிறோமே, அது கைக்கு வந்த தொகை அல்ல. மத்திய வருமான வரி மட்டுமே அந்த வருமானத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தொடும் அளவில் இருந்தது. அதற்கு மேல் மாநில வரி. அதுவும் ஆடப்போகும் ஒவ்வொரு மாநிலத்திலும். இதற்கும் புல்ஸுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1991 இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸில் ஆடி வென்ற சிகாகோ வீரர்களிடம் கலிபோர்னியா வரி கேட்டது. கோபத்தில் இல்லினாய்ஸ் பதிலுக்குச் சட்டம் போட்டு வெளிமாநில வீரர்களுக்கு வரி விதித்தது. 'ஜோர்டனின் பழிவாங்கல்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இன்று பல மாநிலங்கள் அதைச் செய்கின்றன. அப்புறம் ஏஜென்ட் கட்டணம். இவை எல்லாம் போக மொத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் கையில் நிற்கும். அதிலிருந்துதான் பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த குடும்பமும், முதலீடும், மோசடியும்.

ஆகவே ஆட்டக்காரர்களின் பணத்தைப் பற்றி அக்கறை இருப்பவர்கள், வருமானப் பக்கத்தை மட்டும் முப்பது வருடமாக வாதாடிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1999இல் பிப்பன் ஹூஸ்டனுக்கு நேராகப் போகவில்லை. அங்கே அவருக்குக் கொடுக்கும் அளவுக்கு வரம்பில் இடமில்லை. சிகாகோ அவரோடு அந்த 6.72 கோடி ஒப்பந்தத்தைப் போட்டு, உடனே ஹூஸ்டனுக்கு மாற்றிக் கொடுத்தது. பதிலுக்கு சிகாகோ வாங்கியது ராய் ராஜர்ஸ் என்ற ஒரு வீரரும் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றும். பிப்பனுக்கு ஈடாக அது ஒன்றுமே இல்லை. ரைன்ஸ்டார்ஃப் மறுத்திருந்தால் பிப்பன் வேறு எங்காவது பல கோடி குறைவாக வாங்கியிருப்பார். திறந்து பேச மாட்டேன் என்றவர், காலம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

முப்பத்துமூன்று:

அந்தக் கடைசி விஷயம் எனக்கு முழுதாகத் தெரியாது. ஹூஸ்டன் கொடுத்தது என்றே இத்தனை நாள் பேசிவந்தேன். ரைன்ஸ்டார்ஃப் கணக்கில் அதை வரவு வைக்க வேண்டும், வைக்கிறேன்.

ஆனால் சார், அது அவரது 33ஆவது வயதுப் பணம். முதுகு போன பிறகு வந்த பணம். 26 வயதிலிருந்து 32 வயதுவரை, உலகத்தில் இவரைப் போல ஆட இன்னொருவர் இல்லாத வருடங்களில், அந்த ஆட்டத்தின் பலன் எங்கே போனது? 1994-95இல் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் அணியில் முதலிடம். அதற்கு முன் டேவ் கவன்ஸ் ஒருவர்தான் அதைச் செய்திருந்தார். அந்த வருடமும் அதே சம்பளம். புது அரங்கம் கட்டினார்கள், டிக்கெட் விலை ஏறியது, அணியின் மதிப்பு எங்கேயோ போனது. அதில் அவர் பங்கு என்ன? வயதான பிறகு இன்னொரு ஊர்க்காரர் பணத்தில் ஈடுகட்டியதை நியாயம் என்று என் மனம் ஏற்கவில்லை.

அரைக்கோடு:

இதில் லீக்கே ஒருவகையில் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இன்று அப்படி ஓர் ஏழு வருட ஒப்பந்தம் போடவே முடியாது. சொந்த அணியோடு அதிகபட்சம் ஐந்து வருடம். உச்சச் சம்பளம் வரம்பில் இத்தனை சதவீதம் என்று கட்டப்பட்டிருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் கடைசி வருடத்தில் தாமே வெளியேறும் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

அதற்கு இன்னொரு முகமும் உண்டு. லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 1999 உடன்பாட்டில் தனி வீரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்ததால் ஜோர்டனின் 3.3 கோடி மாதிரி ஒரு தொகை அதற்குப் பிறகு நீண்ட காலம் யாருக்கும் வரவில்லை. மேலே இருப்பவர்களைக் கொஞ்சம் வெட்டி நடுவில் இருப்பவர்களுக்குப் பகிர்ந்தார்கள். 

ரீபவுண்ட்:

அப்படியானால் கணக்குப்புத்தகம் சார், 1991இல் நீங்கள் அவருடைய ஆலோசகராக இருந்திருந்தால் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பீர்களா?

கணக்குப்புத்தகம்:

இதை நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன்.

அந்தக் காகிதத்தில் போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நான்கு வருடத்துக்கு மாற்றிக் கேள், வருடத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்பேன். அவருக்கு முதுகு பயம் என்றால், உடல் செயலிழப்புக்குத் தனியாகக் காப்பீடு எடுத்துத் தருகிறேன், அந்தப் பயத்தை ஏன் அணியிடமே விற்கிறாய் என்று கேட்டிருப்பேன். அது அன்றும் கிடைத்தது. ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆகவே ரைன்ஸ்டார்ஃப் செய்தது ஒப்பந்தப்படி சரி என்ற என் நிலையில் மாற்றமில்லை. 'அவருக்கு வேறு வழியில்லை' என்பதுபோல முப்பத்துமூன்று சொன்னதும் சரியல்ல. வழி இருந்தது, அதைக் காட்ட வேண்டியவர்கள் காட்டவில்லை.

முப்பத்துமூன்று:

இந்த இடத்தில் நாம் இருவரும் ஏறக்குறைய ஒரே பக்கம் வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். நான் அணியையும் சேர்த்துக் குற்றம் சொல்வேன், நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

பழைய ஆட்டக்காரன்:

தம்பி, உன்னிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று தோன்றியது. அதனால் நேற்று உட்கார்ந்து 1998 ஜூன் 14, சால்ட் லேக் சிட்டியில் நடந்த இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை மறுபடி முழுதாகப் பார்த்தேன். எல்லோரும் ஜோர்டனின் கடைசி வீச்சுக்காகப் பார்ப்பார்கள். நான் பிப்பனை மட்டும் பார்த்தேன்.

தொடக்கத்திலேயே ஒரு டங்க், எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணித்தார். இறங்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. உள்ளே போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். மொத்தம் 26 நிமிடம், 8 புள்ளி. ஓட முடியவில்லை, நடக்கிறார். இரண்டாம் பாதியில் வந்து நின்றுகொண்டே இருக்கிறார், எதிரணி அவரை விட்டுவிட முடியாதபடி. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வாரம் மட்டும் இருந்தது. அந்த முதுகை வைத்துத்தான் அடுத்த மாதங்களில் பேரம் பேச வேண்டும். அன்று அவர் உடைமாற்றும் அறையிலேயே இருந்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அக்டோபர் வரை அறுவையைத் தள்ளிப்போட்ட அதே ஆள்.

அறுவை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை உங்கள் மகனுக்குக் காட்டுங்கள் என்று அந்த வாசகியிடம் சொல்லத் தோன்றியது. 33ஆம் எண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

மதிய வாசகி:

ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.